தூங்கும்போது எடுத்த படம்

தம்பி காணாமல் போய்ப் பதினோரு நாள். அக்கா கொடுத்த ஆறு படங்களையும் வைத்துக் கணினி நகரத்தின் கேமராப் பதிவுகள் முழுவதும் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை.

"தூங்கும்போது எடுத்த படம் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார் கணினியை இயக்கிய காவலர்.

"இருக்கு சார். வாயப் பொளந்துக்கிட்டுத் தூங்குவான். கல்யாணத்துல போட்டு மானத்த வாங்கலாம்னு எடுத்து வச்சேன். அது எதுக்கு சார்?"

அவர் அந்தப் படத்தை வாங்கிக் கணினியில் ஏற்றிவிட்டுப் பிணவறைப் படங்களின் தொகுப்பைத் திறந்தார். அங்கே கண் திறந்த முகத்தை வைத்துத் தேடினால் கணினி தடுமாறும்.

இந்த முறை ஒரு படம் வந்தது. அக்கா வெகுநேரம் பார்த்தாள்.

"இது அவன் இல்ல சார். வாய் மூடியிருக்கு பாருங்க."

தாடையைச் சேர்த்து யாரோ துணியால் கட்டியிருந்தார்கள்.