இடக்கை வெட்டு

கணப்பைக் கட்டி முடித்தாயிற்று. ஆற்றங்கற்களை ஒட்வரே சுமந்து வந்து அடுக்கியிருந்தான். மேலே பதிக்க ஒரு நல்ல பைன் கட்டை மட்டும்தான் கிடைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வருவதாக அவன் மனைவி ராக்னா சொல்லியிருந்தாள். நகரத்து ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ். ஒரு குளிர்காலம் அவனோடு இந்தப் புது வீட்டில் இருந்து பார்ப்பாள், முடியாவிட்டால் தனியாகத் திரும்பிவிடுவாள் என்பது பேச்சு. ஆற்றங்கரையில் அடுக்கியிருந்த கட்டைகள் உருண்டு அவளுடைய அண்ணன் ஹால்வர் செத்த பிறகு, அவள் இந்தப் பள்ளத்தாக்கில் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை.

ஒட்வர் மாமனாரின் பண்ணைக்குப் போனான். எம்ப்ரெட் வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். பக்கத்துப் பண்ணை ஸ்டெய்னர் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்.

"கொட்டகைக்குப் பின்னால தகரத்துக்கு அடியில ஒரு கட்டை கெடக்குதே மாமா. அத எடுத்துக்கட்டுமா?"

"மரத்தப் பாத்தா அடையாளம் தெரியுதா மாப்ளே? உங்க கடற்கரையில மீன் முள்ள வச்சுத்தான வீடு கட்டுவீங்க."

ஸ்டெய்னர் சிரித்தார். ஒட்வரும் சிரித்துவைத்தான்.

"எடுத்துக்க," என்றார் எம்ப்ரெட். "நல்லாக் காஞ்ச கட்டை. மத்ததோட ஆத்துல மிதக்க விடாம நிறுத்தி வச்சது."

"முனையில பண்ணைக் குறி வெட்டியிருக்கு. மூணாவது வெட்டு மட்டும் எதிர்ப்பக்கமா சாஞ்சிருக்கே?"

"வெட்டினவனுக்கு இடக்கைப் பழக்கம்."

"இழைச்சு எடுத்துரவா?"

"தொடாத. ராக்னாவுக்கு அதுதான் புடிக்கும்."

கட்டையைச் சறுக்குவண்டியில் ஏற்றி அவன் இழுத்துப் போனதும் ஸ்டெய்னர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்ணே, அது ஹால்வர் மேல உருண்ட கட்டைதான?"

"ஆமா."

"சொல்லலையே அவன்கிட்ட."

"அவன் கேக்கலையே."

"அவ பாத்தா அந்த வீட்ல ஒரு நிமிஷம் நிக்க மாட்டா."

"நிக்க வேணாம். மீன்காரன் கடலப் பாக்கப் போகட்டும். அவ அழுதுகிட்டு அப்பன் வீட்டுக்கு வருவா." எம்ப்ரெட் அடுத்த கட்டையை நிமிர்த்தி வைத்தார். "என் அடுப்படி எத்தன நாளா ஆளில்லாம கெடக்கு."

ஒட்வர் பட்டையை உரித்தான். கோடாரியால் ஒரு பக்கத்தை மட்டும் தட்டையாகச் செதுக்கி, முன்புறத்தை அதன் வளைவோடு அப்படியே விட்டான். கம்பித் தூரிகையால் தேய்க்கத் தேய்க்க, மென்மையான மரம் உதிர்ந்து ரேகைகள் எழுந்து நின்றன. ஆளிவிதை எண்ணெய் பூசினான். அந்த மூன்று வெட்டுக்கும் மட்டும் விரலால் தடவித் தடவிப் பூசினான். கல்லில் துளை போட்டு, இரும்புக் கம்பிகளை இறக்கி, கட்டையைத் தூக்கிச் செருகினான். ஊரார் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். ஹால்வர் இடக்கையால் குறி வெட்டிய கட்டைகளில் ஆற்றில் போகாமல் நின்றது அவனைக் கொன்ற அந்த ஒன்றுதான். குறியைப் பார்த்ததும் எல்லோருக்கும் புரிந்தது. பிரமாதமான வேலை என்று சொல்லிவிட்டு, வெளியே போய்ச் சிரித்தார்கள்.

பண்டிகைக்கு முந்தைய நாள் மாலை பஸ்ஸில் ராக்னா வந்தாள். எம்ப்ரெட்டும் ஸ்டெய்னரும் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அடுப்பில் பன்றி விலா வெந்துகொண்டிருந்தது.

மேல்கோட்டைக் கழற்றாமலே அவள் கணப்பருகே போனாள். முதல் வெட்டைத் தொட்டாள். இரண்டாவதைத் தொட்டாள். மூன்றாவதில் விரல் நின்றுவிட்டது.

"இத யாரு குடுத்தது?"

"மாமாதான்," என்றான் ஒட்வர் பெருமையாக. "குறிய இழைக்க வேணாம்னு சொன்னதும் அவர்தான். உனக்குப் புடிக்குமாமே."

எம்ப்ரெட் அவசரமாக எழுந்தார். "வாம்மா, நம்ம வீட்டுக்குப் போலாம். இவனுக்கு என்ன தெரியும்?"

ராக்னா மேல்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"ஒட்வர், என் அண்ணனக் கொன்ன கட்டை இது."

கட்டையைப் பெயர்த்துவிட அவன் மூலையில் இருந்த கடப்பாரையை எடுத்தான்.

"வை அத. அது அங்கயே இருக்கட்டும்." அவள் ஒரு நாற்காலியை இழுத்து வந்து கணப்புக்கு நேரெதிரே போட்டாள். "உக்காருங்க அப்பா."

"ராக்னா..."

"ஞாயித்துக்கிழமை தோறும் உங்களுக்கு இங்கதான் சாப்பாடு. இந்த நாற்காலி. மொகம் அந்தப் பக்கம். ஒரு வாரம் வரலேன்னா மறுநாள் பஸ்ஸுல நான் போயிருவேன். அப்புறம் உங்களப் பொதைக்கக்கூட வர மாட்டேன்."

ஸ்டெய்னர் மெல்லத் தொப்பியை எடுத்தார்.

"நீங்களும் உக்காருங்க சித்தப்பா. சிரிக்க வந்தவங்க பசியோட போகக் கூடாது."

எம்ப்ரெட் கதவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"நான் என்ன பண்ணினேன் ராக்னா?" ஒட்வர் கடப்பாரையைச் சுவரில் சாத்தினான். "தெனமும் நானும் இதத்தான பாக்கணும்?"

"ஆமா. ஊருக்கே தெரிஞ்சிருக்கு. நீ ஒருத்தரக்கூடக் கேக்கல. நெருப்ப மூட்டு."

அவன் மண்டியிட்டு மூட்டினான். வெளிச்சம் ஏறி மூன்று வெட்டுகளையும் தொட்டது. ராக்னா அப்பாவின் தட்டில் இறைச்சியை வைத்து, குழந்தைக்கு நறுக்குவதுபோலச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கினாள். அவர் தட்டைப் பார்த்துக் குனிந்தார்.

"நிமிந்து பாத்துச் சாப்பிடுங்க அப்பா," என்றாள்.