அடிக்குக் கால் அங்குலம்

1992ஆம் ஆண்டு, தைப்பொங்கல் கழிந்து நாலாம் நாள் காலை பத்தேகாலுக்கு, யாழ்ப்பாணத்து உடுவிலுக்கு மேலே குண்டுபோட வந்த பொம்பர் ஆறங்குல நீளம் இருந்தது. வழக்கம்போல மூன்று வட்டம் போட்டது, வழக்கம்போலப் பதிந்தது, வழக்கம்போல இரண்டு குண்டுகளைப் போட்டுவிட்டுப் பலாலி விமானத்தளப் பக்கம் திரும்பியது. முதலாவது குண்டு அருந்ததி வீட்டு முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த செத்தல் மிளகாய்க்குள் விழுந்து, பாயில் புளியங்கொட்டை அளவுக்கு ஓட்டை போட்டது. இரண்டாவது அவளுடைய அடைகோழியின் முதுகில் விழுந்தது. கோழி எழும்பி இரண்டுதரம் செட்டையடித்துவிட்டு மறுபடியும் முட்டையில் குந்தியது. பங்கர்க் குழிகளுக்குள் குப்புறக் கிடந்த சனம் வெளியே வந்து எரிகிற வீட்டைத் தேடியது. எரிகிற வீடு ஒன்றும் இல்லை. அருந்ததி மட்டும் விளக்குமாற்றோடு நின்று, பாய்க்கு ஆர் பதில் சொல்லுறது என்று வானத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதற்கெல்லாம் காரணம் சண்முகநாதன். புகையிரதப் பகுதியில் இருபத்தாறு வருடம் கிளாக்கராக இருந்தவர். தொண்ணூறாம் ஆண்டு சண்டை தொடங்க ரயில் நின்றது. நின்ற ரயிலுக்கும் அவர் ஒரு மாதம்வரை மடிப்புக் கலையாத காற்சட்டையோடு வேலைக்குப் போய்வந்தார். பிறகு தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் வீடு வீடாகப் போய்ப் பங்கர்க் கூரைகளாகிவிட, போவதற்கு இடமில்லாமல் வீட்டில் இருந்தார். அவருடைய வீட்டுப் பங்கருக்கும் ஏழு சிலிப்பர் கட்டைகள் கிடைத்தன. அந்தக் கட்டைகளுக்கு மேலே ஓடிய ரயிலுக்கு ரிக்கற் கொடுத்த மனிதர், அதே கட்டைகளுக்குக் கீழே தன் மனைவி குடித்தனம் நடத்துவாள் என்று கனவிலும் நினைத்திருக்கவில்லை. சாதகம் எழுதிய சாத்திரியும் சொல்லவில்லை.

மனைவி அருமைநாயகி பங்கருக்குள் இறங்கியது 1991 ஆவணியில். ஒழுங்கை முகப்பில் விழுந்த குண்டு, அவளோடு வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போய்வருகிற இராசாத்தியைக் கொண்டுபோனது. செத்தவீட்டுக்குப் போய்வந்து தலைமுழுகிய கையோடு, தேங்காய்த் திருவலை, சீப்பு, சிவப்பு விளிம்பு வைத்த முகம்பார்க்கும் கண்ணாடி மூன்றையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். பிறகு பகலில் அவளை வானம் காணவில்லை. அவசர காரியங்களுக்கு மட்டும் இருட்டினபிறகு, தலையில் சோற்றுப்பானையைக் கவிழ்த்துக்கொண்டு ஓட்டமாகப் போய் ஓட்டமாக வருவாள். சமையல் பங்கருக்குள் நடந்தது. சாப்பாட்டுக் கோப்பை மேலே வரும், வெறுங்கோப்பை கீழே போகும். பத்தொன்பது வருடம் பக்கத்தில் படுத்தவள் இல்லாத வீடு சண்முகநாதனுக்குப் பிடிக்கவில்லை. தேத்தண்ணியைத் தானே போட்டுத் தானே குடிக்கும்போது அவருக்கு அழுகை வந்தது. அழுததை அவர் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் ஊருக்குத் தெரியும்.

“இஞ்சை பாரும், உந்தப் பொம்பர் அவ்வளவு பெரிய சாமானில்லை. மேலை வாரும்” என்று ஒருநாள் பங்கர் வாசலில் குந்தியிருந்து சொன்னார்.

“ஏன், நீங்கள் அளந்து பாத்தனீங்களோ?” என்று கீழேயிருந்து கேள்வி வந்தது.

வேறு ஆளென்றால் கோபப்பட்டிருப்பார். சண்முகநாதன் கிளாக்கர். கேள்விக்குப் பதில் எழுதாமல் ஒரு கடிதத்தையும் அவர் மூடியதில்லை. அன்றே வேலியில் நின்ற முள்முருக்கில் ஒரு கொப்பை வெட்டினார். முள்முருக்கு பாரமில்லாத மரம், கத்திக்குச் சொன்னபடி கேட்கும். இறக்கைக்குப் பால்ரின் தகரம், சில்லுக்குச் சட்டை பூட்டுகிற தெறி, ஒட்டுவதற்கு விளாம்பிசின். கண்ணாடிச் சன்னல்களுக்கு, செத்துப்போன மாமனாரின் எக்ஸ்றே படத்தில் நெஞ்சுக்கூடு இல்லாத பகுதியை வெட்டிக்கொண்டார். புகையிரதப் பகுதியில் கட்டட வரைபடங்களுக்கு அடிக்குக் கால் அங்குலம் என்று கணக்கு. வேறு கணக்கு அவருக்குத் தெரியாது. பழைய சஞ்சிகைப் படமொன்றைப் பார்த்து, நாற்பது நாளில், ஆறங்குலத்தில் ஒரு பொம்பர் செய்து முடித்தார்.

அதைப் பார்க்க வந்தவர்களில் சிவக்கொழுந்தரும் ஒருவர். பிள்ளையார் கோயிலுக்கு மாலை கட்டுகிறவர். எதைப் பார்த்தாலும் அதில் என்ன குறை என்று முதலில் பார்ப்பார்.

“கிளாக்கர், கண் துறக்காமல் வைச்சிருக்கிறியளே. வீட்டுக்குக் கூடாது.”

“உதென்ன சாமியே, கண் துறக்க?”

“சாமியோ சனியனோ, உருவம் எண்டால் உருவம்தான். நல்ல நாளாய்ப் பாப்பம்.”

நாள் பார்க்கப்பட்டது. நிறைகுடம் வைத்து, தேங்காய் உடைத்து, எக்ஸ்றே துண்டுகளின் விளிம்புக்குச் சண்முகநாதன் மைகொண்டு கோடு கீறினார். புதிதாய்த் திறந்த கண்ணின் முதல் பார்வை பொல்லாதது. அது மனிதரில் படக்கூடாது என்பதற்காக முன்னால் கண்ணாடி பிடிப்பது வழக்கம். வீட்டிலிருந்த ஒரே கண்ணாடி பங்கருக்குள் இருந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து அதைக் கொடுத்தது. சிவக்கொழுந்தர் அதைப் பொம்பரின் மூக்குக்கு முன்னால் பிடித்தார். பொம்பர் தன்னை முதன்முதலாகப் பார்த்தது. தான் இவ்வளவுதான் என்று அதற்கு அன்றுதான் விளங்கியிருக்க வேண்டும். மறுநாள் நடந்ததை முதலிலேயே சொல்லியாயிற்று.

இந்தச் சங்கதி உடுவில் எல்லைக்குள் மட்டும்தான் நடந்தது. இணுவிலுக்கு வேறு பிள்ளையார், சுன்னாகத்துக்கு வேறு பிள்ளையார். ஒருவருடைய அதிகாரத்தில் மற்றவர் தலையிடுவதில்லை. எல்லைக்கு அங்கால் முழு விமானமாக வரும், இங்கால் ஆறங்குலமாகும், திரும்பிப் போகும்போது மறுபடியும் பருக்கும். காகங்களுக்கு இந்த நிர்வாகம் தெரியாது. மாசி மாதம் ஒரு காகம் பொம்பரைக் கொத்திக்கொண்டு இணுவில் பக்கம் பறந்தது. எல்லையில் என்ன நடந்ததென்று பார்த்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள், ஆனால் காகம் திரும்பி வரவில்லை என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. இயக்கப் பெடியள் இரண்டு பேர் சைக்கிளில் வந்து எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார்கள். எல்லைக் கல்லைக் கொஞ்சம் தள்ளி நடலாமோ என்று கேட்டார்கள். அது நில அளவைப் பகுதியின் வேலை என்று சண்முகநாதன் சொல்லிவிட்டார்.

ஆனால் அருமைநாயகி வரவில்லை.

“பொம்பர் சின்னன், சரி. ஹெலி?” என்றாள்.

ஹெலி செய்யப்பட்டது. பங்குனியில் கண் திறந்தார்கள். அன்றிலிருந்து உடுவிலுக்குள் ஹெலி வந்தால் அது தும்பியா ஹெலியா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. ஒருமுறை ஒன்று அருந்ததியின் கிணற்றடி வாழையிலையில் வந்து இறங்கியது. அரைச் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு விமானி இறங்கி, சிங்களத்தில் ஏதோ கேட்டான். தண்ணீராகத்தான் இருக்கும் என்று அவள் முருங்கையிலையில் ஒரு துளி விட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். மிளகாய்ப் பாய் விடயத்தையும் அவனிடம் சொல்லி அனுப்பியதாக அருந்ததி சொன்னாள்.

“ஹெலியும் சரி. கடலிலையிருந்து அடிக்கிறானே, அது?” என்றது பங்கர்.

கப்பல் செய்ய சண்முகநாதனுக்குத் தெரியாது. அவருடைய பின்வளவில் கொட்டில் போட்டிருந்த கனிசியஸுக்குத் தெரியும். குருநகர் ஆள், கடலுக்குப் போனால் நேவிக்காரர் சுடுகிறார்கள் என்பதால் குடும்பத்தோடு உடுவிலுக்கு இடம்பெயர்ந்து வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். தன்னை மூன்றுமுறை துரத்திய கன்போட் பீரங்கிப் படகின் ஒவ்வொரு ஆணியும் அவருக்கு மனப்பாடம். இருபத்தாறு நாளில் ஒரு முழ நீளத்தில் செய்து முடித்தார். கண்ணாடி பிடிப்பதற்கு அவர் உடன்படவில்லை. மாதா கோயில் தீர்த்தம் தெளிக்க வேண்டும் என்றார். கடைசியில் சிவக்கொழுந்தர் கண்ணாடி பிடிக்க, கனிசியஸின் மனைவி யோசப்பின் தீர்த்தம் தெளிக்க, இரண்டு சமயமும் ஒத்துழைத்ததில் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. மூன்றாம் நாள் தோட்டக் கிணற்றுக்குள் ஒரு முழ நீளத்தில் ஒரு கன்போட் வட்டமடித்துக்கொண்டிருந்தது. வலிகாமத்துக் கிணறுகள் எல்லாம் நிலத்துக்கடியால் கடலோடு தொடுத்தவை, அதால் வந்திருக்கும். அது சுட்ட கடுகளவு குண்டுகள் கிணற்றுக்கட்டில் பட்டுத் தெறித்தன. கனிசியஸ் ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு கிணற்றுக்கட்டில் வசதியாக இருந்தார்.

“பாஸ் வைச்சிருக்கிறியளோ?” என்று கீழே குனிந்து கேட்டார். “இந்தக் கிணத்திலை ஓடுறதுக்கு ஆர் உங்களுக்குப் பாஸ் தந்தது?”

பாஸ் இருக்கவில்லை. இரண்டு வருடமாகக் கடலில் மறித்துத் தன்னைக் கேட்ட கேள்விகள் அத்தனையையும் வரிசையாகக் கேட்டு முடிக்க அவருக்குப் பின்னேரம் ஆகிவிட்டது. பிறகு மனமிரங்கி, வந்த வழியாலேயே போகச் சொன்னார். அன்றைக்குத்தான் அவர் உடுவிலில் முதன்முதலாக வயிறாரச் சாப்பிட்டார் என்று யோசப்பின் சொன்னாள்.

“அப்ப சகடை?” என்றாள் அருமைநாயகி.

சகடை என்று சனம் பெயர் வைத்திருந்தது, வயிற்றைத் திறந்து பீப்பாக் குண்டுகளை உருட்டிவிடுகிற பெரிய சாமான் விமானத்துக்கு. அதற்குப் படம் கிடைக்கவில்லை. அது வரும்போது எல்லோரும் முகம்குப்புறக் கிடந்ததால் எப்படியிருக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அருந்ததி நாலு இறக்கை என்றாள். கனிசியஸ், திமிங்கிலம் மாதிரி என்றார். அவரும் திமிங்கிலத்தைக் கண்டதில்லை. கேள்விச் செவியனாக சண்முகநாதன் ஐந்து மாதம் செதுக்கி, ஒன்றரை முழ நீளத்தில் ஒன்றைச் செய்தார். கார்த்திகையில் நாள் பார்த்து, விமானி இருக்கும் சன்னல்களுக்கு மை தீட்டி, சிவக்கொழுந்தர் கண்ணாடி பிடித்தார். ஊர் நம்பியது. நாலு நாள் கழித்துச் சகடையின் இரைச்சல் கேட்டபோது ஒருவரும் பங்கருக்குப் போகவில்லை. சிவக்கொழுந்தர் நந்தியாவட்டைப் பூப் பிடுங்கிக்கொண்டு நின்றார். சகடை சகடையாகவே வந்தது. ஒரே பீப்பா. பூந்தோட்டம் இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. அவருடைய பூக்கூடை மட்டும் கோயில் மதிலில் தொங்கியது, பூவோடு.

சண்முகநாதன் கத்தியைக் கிணற்றுக்குள் எறிந்தார். ஏழு நாள் ஒன்றும் சாப்பிடவில்லை. கீழேயிருந்து வந்த கோப்பை அப்படியே கீழே போனது. தான் செய்த விளையாட்டுச் சாமானை நம்பி ஒரு மனிதன் செத்தான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. எட்டாம் நாள் பங்கர் வாசலில் வந்து இருந்துகொண்டு, வாய்விட்டு அழுதார்.

“நான்தான் அந்த மனிசனைக் கொன்றுபோட்டன்.”



“உங்கடை சகடையை உதிலை ஒருக்கால் காட்டுங்கோ” என்றாள் அருமைநாயகி. வாசலில் பிடித்துக் காட்டினார். “கீழ்க் கண் எங்கை?”

“என்ன கீழ்க் கண்?”

“மேலை ரெண்டு கண் வைச்சிருக்கிறியள். மூக்குக்குக் கீழை ஒரு கண்ணாடி இருக்கெல்லோ. ஒராள் அதாலைதான் குனிஞ்சு பாக்கிறவன். அதைத் துறக்காமல் விட்டால் அது எப்பிடித் தன்னைப் பாக்கும்?”

உலகம் முழுவதும் குப்புறக் கிடந்த பதினைந்து மாதமும் அருமைநாயகி மல்லாக்கக் கிடந்திருக்கிறாள். பங்கர் வாசலின் இரண்டடிச் சதுரத்துக்குள்ளால் வந்தது போனது எல்லாவற்றின் வயிற்றையும் பார்த்திருக்கிறாள். பயந்தவள் கண்ணை மூடியிருப்பாள் என்று சண்முகநாதன் நினைத்திருந்தார். அவளுக்கோ பயத்தில் கண் மூடவே வரவில்லை.

அவர் கனிசியஸிடம் கத்தி வாங்கி, சகடையின் மூக்கைக் குடைந்து, எக்ஸ்றே படத்தில் மிச்சமிருந்த துண்டை ஒட்டினார். அதில் மாமனாரின் விலா எலும்பு ஒன்று தெரிந்தது. மார்கழி பத்தாம் திகதி காலை, மை தீட்டத் தொடங்கினார். கோடு ஒருபக்கம் போனது. அழித்துவிட்டு மறுபடியும் கீறினார். மறுபக்கம் போனது. அப்போது வடக்கே சகடையின் இரைச்சல் கேட்டது. அருந்ததி வீட்டில் எல்லோரும் இறங்கினார்கள். கனிசியஸ் யோசப்பினையும் இழுத்துக்கொண்டு இறங்கினார். சண்முகநாதன் மைக்கிண்ணத்தோடு மண்ணில் இருந்தார்.

“விடுங்கோ, உங்களுக்குப் பொட்டு வைக்கவும் தெரியாது” என்று சொல்லிக்கொண்டு அருமைநாயகி மேலே வந்தாள்.

தலையில் பானை இல்லை. பகல் வெளிச்சத்தில் அவளுக்குக் கண் கூசியது. மயிர் பாதி நரைத்திருந்தது. சண்முகநாதன் அவளைப் பார்த்தார், மேலே சகடை வருவதை மறந்துபோனார். அவள் மோதிர விரலால் மையைத் தொட்டு, தன் நெற்றிக்கு வைக்கிற மாதிரி ஒரே இழுப்பில் கீழ்க் கண்ணைத் திறந்தாள். இடுப்பில் செருகியிருந்த சிவப்பு விளிம்புக் கண்ணாடியை எடுத்து அதன் மூக்குக்குக் கீழே பிடித்தாள். ஒழுங்கையெல்லாம் அதிர்ந்துகொண்டிருந்த இரைச்சல் இளகி, மெலிந்து, கடைசியில் நுளம்புச் சத்தமாக வந்து நின்றது. ஒன்றரை முழச் சகடை வேப்பமரத்தைச் சுற்றி வந்து, உடுப்புக் கொடிக்கு மேலே வயிற்றைத் திறந்தது. பீப்பா சுண்டங்காய் அளவில் உருண்டு விழுந்து, சண்முகநாதனின் வேட்டியில் ஒரு கறையை வைத்தது. அருமைநாயகி கொடியில் கிடந்த துவாயை எடுத்து வீசினாள்.

“அங்காலை போ. இது சிவக்கொழுந்தற்றை ஊர்” என்றாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பங்கருக்குள் அதன்பிறகு வெங்காயம் வைத்தார்கள். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி வருகிறதென்று உடுவிலோடு சேர்ந்து வலிகாமம் முழுவதும் எழும்பி நடக்க வேண்டிவந்தபோது அந்த இருவரும் எழும்பி நடந்தார்கள். கொடிகாமத்தில், முன்பின் தெரியாத ஒருவருடைய மாமரத்துக்குக் கீழே படங்குச் சீலை கட்டினார்கள். மூன்றாம் நாள் பொம்பர் வந்தது. அங்கே அது முழு அளவில் இருந்தது. சனம் விழுந்து படுத்தது. அருமைநாயகி மட்டும் நிமிர்ந்து நின்று, நெற்றியில் வைத்த கைக்குக் கீழால் பார்த்தாள்.

“எட்டத்திலை நிக்குது, அதுதான் பெரிசாத் தெரியுது” என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து சிவப்பு விளிம்புக் கண்ணாடியை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். சண்முகநாதன் வேலியில் முள்முருக்கு நிற்கிற வீடு எது என்று விசாரித்துக்கொண்டு போனார்.