மூடாத பானெட்

ஏழாவது தடவையாக பானெட்டை இறக்கினான் ஜாகிர். ஏழாவது தடவையும் அது மூடவில்லை. கொக்கி மாட்ட இன்னும் ஒரு விரல் இடைவெளி. பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

"மூடித் தொலையேன்!" என்று மட்கார்டில் ஒரு குத்து விட்டான். கைதான் வலித்தது.

வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. நாளை பத்து மணிக்கு இந்தப் பழைய மூக்கு லாரியை எஃப்.சி. பார்க்கும் இன்ஸ்பெக்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பானெட் பூட்டாத வண்டியை அவர் பாஸ் பண்ண மாட்டார். பண்ணாவிட்டால் மத்தியானமே வண்டியைத் துண்டுபோட கேஸ் கட்டர்காரன் வந்துவிடுவான். ஏற்பாடு, மனைவி சுஹைனாவின் அண்ணன் அஷ்ரஃப்புடையது. எலப்புள்ளியில் அந்த முற்றம் இரண்டு வீட்டுக்கும் பொது. லாரி நிற்கிற இடத்தில் தன் மளிகைக் கடைக்குக் குடோன் போட அவன் துடித்துக்கொண்டிருந்தான்.

"நாலு வருசம் பொறுத்தாச்சு மாப்ள. நாளைக்கு பாஸ்னா வண்டி உன்னுது. பெயில்னா பழைய இரும்பு. பேச்சு மாறக் கூடாது" என்று காலையில் ஸ்கூட்டரை உதைத்தபடியே சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

ஜாகிருக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் வேலை. ஷிஃப்டுக்கு நாலாயிரம் கிளாம்பு. அது எந்த வண்டியில் எங்கே மாட்டுகிறது என்றுகூடத் தெரியாது. முதலிலிருந்து கடைசிவரை அவன் கையால் உருவானது இந்த வலது மட்கார்டு ஒன்றுதான். பழையது துருப்பிடித்துக் கொட்டிப் போயிருந்தது. மாற்று எங்கும் கிடைக்கவில்லை. நன்றாக இருந்த இடது மட்கார்டின் மேல் பிரவுன் பேப்பரைப் போர்த்தி அளவெடுத்து, பேப்பரைத் திருப்பிப் போட்டுத் தகடு வெட்டினான். தென்னங்கட்டையில் குழி தோண்டி, அதில் வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி வளைத்தான். மூன்று மாதம் ஆயிற்று.

இப்போது எங்கே தப்பு? மறுபடி சுத்தியை எடுத்தான்.

"ஏனுங்க, நீங்க அடிக்கிற அடியில எனக்குத் தையல் கோணிக்கிட்டுப் போகுது" என்று கழுத்தில் டேப்போடு வந்தாள் சுஹைனா. முன் அறையில் தையல் மெஷின் போட்டிருப்பவள்.

"புதுசு தப்பாப் போச்சு. எங்கேன்னு தெரியல."

"அளவு எதுல எடுத்தீங்க?"

"இடது பக்கத்துல."

"அதுல மட்டுமா? நான் ஒரு தோளை அளந்து ரெண்டு தோளுக்கும் வெட்டினா, ஊர்ல எவளாச்சும் ரவிக்கை போடுவாளா?"

"இது இரும்பு சுஹைனா. ரவிக்கை இல்ல."

"இரும்பான்னு பாத்தீங்களா?"

ஊசி பொறுக்குகிற காந்தத்தை இடுப்பிலிருந்து எடுத்து இடது மட்கார்டில் ஒட்டினாள். வழுக்கித் தரையில் விழுந்தது. இரண்டு இடம் தள்ளி வைத்தாள். அங்கேயும் விழுந்தது.

ஜாகிர் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினான். விரல் கனத்துக்குப் பூசியிருந்த பட்டி பாளம் பாளமாகப் பெயர்ந்தது. அடியில் நெடுக ஒரு வெல்டிங் தழும்பு. நடுவில் ஒட்டுப்போட்ட தகடு. உடும்பஞ்சோலை மலைக்கு ஏலக்காய்க்காக ஏறி இறங்கிய வண்டி. எந்த வளைவில் இடித்ததோ, எவனோ ஒட்டுப்போட்டு உயரத்தைக் கூட்டியிருக்கிறான். வாங்கும்போது பானெட்டைக் கயிற்றால் கட்டியிருந்தது அதனால்தான்! கொக்கி பழுது என்றல்லவா நினைத்திருந்தான்!

"ரெண்டும் தப்பு. இனி எதை நம்பி அளக்கறது?"

"கழுத்துக்குத்தானுங்க காலர். பானெட்டைப் பூட்டி வெச்சுட்டு, அதுக்குத் தக்க ரெண்டையும் வெட்டுங்க."

இரண்டு மட்கார்டையும் கழற்றினார்கள். அடியில் கட்டை முட்டுக் கொடுத்து, பானெட்டை இறக்கிக் கொக்கியை மாட்டினான். அதன் ஓரத்தை ஒட்டி அவள் சாக்பீஸால் கோடு போட்டாள். நாலு வருஷம் போற்றி வைத்திருந்த இடது மட்கார்டில் கிரைண்டர் பிளேடை இறக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றிருந்தது ஜாகிருக்கு.

நாலு மணிக்குத் தீப்பொறி பறந்துகொண்டிருந்த நேரத்தில் அஷ்ரஃப் வந்து இறங்கினான். கண்டம் கண்டமாகக் கிடந்ததைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"நீயே வெட்ட ஆரம்பிச்சுட்டியா மாப்ள? எனக்குக் கட்டர் கூலி மிச்சம்!"

"மச்சான், அந்தத் தகட்டை இப்படி அழுத்திப் பிடிங்க. பத்த வெச்சு ஒட்டணும்."

"வெள்ளைச் சட்டைடா!"

"நான் துவைச்சுத் தாரேன் அண்ணே. பிடிங்க" என்றாள் சுஹைனா.

பிடித்தான். திட்டிக்கொண்டே அந்தி மக்ரிப் பாங்கு வரைக்கும் பிடித்தான். சட்டையில் ஏழு ஓட்டை.

வெள்ளிக்கிழமை மைதானத்தில் லாரி நின்றது. இரண்டு மட்கார்டும் பெயின்ட் இல்லாமல் செங்காவிப் பூச்சோடு இருந்தன. இன்ஸ்பெக்டர் பிரேக் பார்த்தார், விளக்கு பார்த்தார். கடைசியில் பானெட்டைத் தூக்கி, அப்படியே கீழே விட்டார்.

'டப்'பென்று ஒரே சத்தம். பூட்டிக்கொண்டது.

அவர் குனிந்து, மட்கார்டின் ஓரத்தில் விரலை ஓட்டினார். "இது எவிடெ செய்யிச்சது?" என்று மலையாளத்தில் கேட்டார்.

"ஊட்லதாங்க சார்."

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

தாளைக் கையில் வாங்கிய பிறகும் ஜாகிருக்கு நிலை கொள்ளவில்லை. பானெட்டைத் தூக்கி இறக்கினான். மறுபடியும் தூக்கினான்.

"விடு மாப்ள, கழண்டுக்கப் போகுது!" என்று சத்தம் போட்டான் அஷ்ரஃப். அவன் எப்போதோ கேபினில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். "வண்டியை எடு. கடைத்தெரு வழியா மெதுவாப் போ. நாலு பேர் பாக்கட்டும்."