முப்பத்தோராவது விதி

முப்பத்தோராவது விதியின் கடைசிச் சொல்லுக்கு வந்தபோது டைப்பிஸ்ட் அக்காவுக்குப் பேயறைந்தாற்போல் ஆகிவிட்டது.

அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். தலை நரைத்த காவலாளிகூட அப்படித்தான் கூப்பிடுவார். கூடப் பிறந்த தம்பி ஒருவனே. வெட்டும் மெஷினில் இருந்தான். இரண்டு மாதத்துக்கு முன் வலக்கையில் இரண்டு விரல் போயிற்று. கட்டுப் பிரிக்கும் முன்பே அவனுக்கு இரண்டு பக்கக் கடிதம் ஒன்று போனது. அதைத் தட்டியது அக்காவேதான். மேலாளர் சொல்லச்சொல்லத் தட்டினாள். "கருதப்படத்தக்கவராவார்" என்ற சொல்லில் எழுத்துப்பிழை விழாமல் பார்ப்பதிலேயே கவனம் போய்விட்டது. தம்பிக்கு நீண்ட விடுப்பு கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் அவளும் நினைத்தாள், அவனும் நினைத்தான்.

இப்போது மேலாளருக்குப் புதிதாக ஓர் ஆசை. தலைமை அலுவலகத்தில் எளிமைக்குக் கேடயம் கொடுக்கிறார்களாம். பணி விதிகளை எளிய தமிழில் மாற்றச் சொன்னார்.

"நம்ம வாட்ச்மேனுக்குப் புரியணும், அவ்வளவுதான் அளவுகோல்" என்றார்.

அக்கா அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு விதியையும் படித்து, புத்தகத்தை மூடி, வாசலில் காவலாளிக்கு வாயால் சொல்வாள். அவர் தலையாட்டினால் சொன்னதை எழுதிக்கொள்வாள். முப்பது விதி இப்படி வழுக்கிக்கொண்டு போனது.

அடுத்தது இது: "இயந்திர இயக்கத்தின்கண் அங்கபங்கம் எய்தும் ஊழியர், அந்நிகழ்வுக்கு முற்பட்ட கணத்திலேயே தம் பணியினின்று தாமே விரும்பி விலகியவராகக் கருதப்படத்தக்கவராவார்."

அவள் இரண்டு முறை வாயைத் திறந்து மூடினாள்.

"என்னக்கா, பல்லு வலியா?" என்றார் காவலாளி.

"மெஷின்ல கை போச்சுன்னா, போறதுக்கு முந்தின நொடியே நீங்களா வேலையை விட்டுட்டீங்கன்னு அர்த்தமாம்."

காவலாளி தலையாட்டவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "வேலையில இல்லாதவன் கையை அந்த மெஷின் எதுக்குக்கா வெட்டுச்சு?"

அக்கா தன் கைகளைப் பார்த்தாள். பத்து விரலும் ஒழுங்காக இருந்தன. இந்தப் பத்தும் சேர்ந்துதான் தம்பியை வீட்டுக்கு அனுப்பியிருக்கின்றன.

சொன்னது சொன்னபடி எழுதி மேலாளர் மேசையில் வைத்தாள். அவர் எந்தக் காகிதத்தையும் படித்ததாகச் சரித்திரம் இல்லை. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பச்சை மையில் பாம்பு நெளிவதுபோல் ஒரு சுருக்கொப்பம் போடுவார்.

"சார், முப்பத்தொண்ணைப் படிச்சீங்களா?"

"வரிக்கு வரி படிச்சேன். தேன் மாதிரி இருக்கு."

"ஒரு தடவை நிதானமா..."

"தேன்னு சொல்லிட்டேன்ல? போம்மா."

வருடத்தில் ஒரு நாள் காலையில் விதிகளை ஒலிபெருக்கியில் படிப்பார்கள். அத்தனை பேரும் பேரேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மெஷின்களுக்கு மின்சாரம். வழக்கமாக அக்கா படிப்பாள், மற்றவர்கள் நின்றபடியே தூங்குவார்கள். இந்த வருடம் முதலாளியே முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததால் மேலாளர் ஒலிவாங்கியைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டார். தொண்டையைச் செருமினார். எளிமையைப் பற்றி யாருக்கும் புரியாத மொழியில் கால் மணி நேரம் பேசிவிட்டு விதிகளுக்கு வந்தார்.

"உடம்பு சரியில்லை என்றால் காலையிலேயே சொல்லியனுப்புங்கள். சொன்னால் நம்புவோம்."

கைதட்டல். தூங்குகிறவன் ஒருவனும் இல்லை. முதலாளி முறுவலித்தார். மேலாளருக்கு உச்சி குளிர்ந்தது. குரல் ஒரு படி ஏறியது.

"முப்பத்தொன்று! மெஷினில் உங்கள் கை போனால், போவதற்கு முந்தின நொடியே... நீங்களாக... வேலையை..."

குரல் படியிலிருந்து உருண்டது. பச்சைப் பாம்பு பக்க மூலையிலிருந்து அவரையே பார்த்தது. நிறுத்தவும் முடியாது, அடுத்த வார்த்தை என்னவென்று கூட்டத்துக்கே தெரிந்துவிட்டது.

"...விட்டுவிட்டீர்கள்" என்று முடித்துவைத்தார் வெட்டும் மெஷின்காரர் ஒருவர், கூட்டத்தின் நடுவிலிருந்து. அவருக்கு இடது கட்டைவிரலில் நுனி கிடையாது. நல்லவேளை, அது மெஷினில் போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

"யார் எழுதினது இதை?"

மேலாளரின் விரல் அக்காவைக் காட்டியது.

அக்காவின் வீட்டில் ஏற்கெனவே ஒருவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான். இருந்தாலும் சொன்னாள்: "ஃபேக்டரி ஆரம்பிச்சப்ப உங்க அப்பா எழுதினதுங்க. நான் புரியற மாதிரி ஆக்கினேன், அவ்வளவுதான். இதை வச்சுத்தான் என் தம்பியை அனுப்பினாங்க."

"அப்பாவா?" என்றார் முதலாளி.

பேரேடு மேசையில் திறந்து கிடந்தது. பேனாவை எடுக்க ஒருவரும் வரவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. அந்நேரத்துக்கு உறுமிக்கொண்டிருக்க வேண்டிய மெஷின்கள் ஊமையாக நின்றன.

"இத்தனை வருஷமா இதுக்கா ஐயா கையெழுத்துப் போட்டோம்?" என்றார் கட்டைவிரல்காரர். கேள்வி மரியாதையாகத்தான் இருந்தது. முதலாளிக்குத்தான் வியர்த்தது. எழுந்து வந்தார். மேலாளர் கையிலிருந்த தாளைப் பிடுங்கி முப்பத்தொன்றின் மேல் குறுக்கே கோடு கிழித்தார். காகிதமே கிழிந்தது.

"அந்தத் தம்பிக்கு இப்பவே ஒரு லெட்டர் அடிம்மா."

அக்கா அடித்தாள். முதலாளி படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார். அந்தக் கட்டடத்தில் அது முதல் தடவை.

அன்று மாலை தம்பி கடிதத்தை இடக்கையில் வாங்கினான். 'நாளைக் காலை வேலைக்கு வா. இனி உனக்குக் கிடங்கில் வேலை.' படித்தான். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். வெள்ளை.

"என்னக்கா, இவ்வளவுதானா?"

"ஏன்டா, வேற என்ன வேணும்?"

உள்ளே போய்ப் பழைய கடிதத்தை எடுத்துவந்தான். மடங்காமல், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான். இரண்டையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டான்.

"வேலையை எடுக்கறதுக்கு ரெண்டு பக்கம். குடுக்கறதுக்கு ரெண்டு வரி. இது செல்லுமாக்கா?"

"முதலாளி கையெழுத்துடா, கண்ணு தெரியலையா?"

"தெரியுது" என்றான். மிச்சமிருந்த விரல்களால் தாளைத் தடவினான். "இருந்தாலும், நாலு புரியாத வார்த்தை போட்டு அடிச்சுக் குடேன். கேட்ல திருப்பி அனுப்பிட்டாங்கன்னா?"

"கேட்ல வாட்ச்மேன்தான்டா இருக்காரு" என்றாள் அக்கா. "அவருக்குப் புரியும்."