எர்மிந்தாவின் சிவப்புத் தரை

எர்மிந்தாவுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. அவளுடைய கணவர் பெலார்மினோவுக்கோ, மூன்று மாதமாக உட்காருவதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. காப்பித் தோட்டத்துச் சரிவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மனிதர். எலும்பு கூடிவிட்டது, இனி வீட்டுக்குள்ளாவது நடக்க வேண்டும், இல்லாவிட்டால் காலில் மிச்சமிருக்கும் பலமும் போய்விடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். நாளைக்கு நடக்கிறேன் என்பார் பெலார்மினோ. அந்த நாளைக்கு வந்தபாடில்லை.

பேச்சுத் துணைக்கு ஆகட்டும் என்று பக்கத்து வீட்டு சுலாய், பிறந்து சில நாளே ஆன கோழிக்குஞ்சு ஒன்றைக் கொடுத்திருந்தாள். அது பகலெல்லாம் அவருடைய நாற்காலியைச் சுற்றும். அலுத்தால் அவர் தொப்பிக்குள் தூங்கும். திடீரென்று ஒரு காலையில் அதன் கால்கள் இரண்டு பக்கமும் விரிந்துகொண்டன. எழப் பார்த்தால் சறுக்கி வயிறு தரையில் பட விழுந்தது.

“பாத்தியா, அதுக்கும் என் கதிதான்” என்றார் பெலார்மினோ. அன்று ஊன்றுகோலைக்கூட அவர் தொடவில்லை.

குஞ்சு படுத்தால் இவரும் ஒரேயடியாகப் படுத்துவிடுவார் என்று எர்மிந்தாவுக்குத் தோன்றிவிட்டது. அவளுக்கு ஒன்று தோன்றினால் தோன்றியதுதான். கால்நடை மருந்துக் கடைக்கு ஓடி வைட்டமின் சொட்டு வாங்கி வந்தாள். போகிற போக்கில் தீவனம் விற்றவனைத் திட்டினாள். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைப் பிசைந்து ஊட்டினாள். சுலாய் சொன்னபடி பிளாஸ்திரியை மெல்லிய நாடாவாக வெட்டி, கால்கள் விரியாதபடி கொஞ்சம் இடைவெளி விட்டுப் பிணைத்தாள். யார் கண்ணாவது பட்டிருக்கும் என்று சிவப்பு நூலும் கட்டினாள். பிறகு நடை பழகட்டும் என்று தரையில் விட்டாள். குஞ்சு மறுபடி விழுந்தது.

அந்தத் தரையைப் பற்றிச் சொல்லாமல் தீராது. சிவப்புச் சிமெண்டு. சனிக்கிழமைதோறும் மெழுகு பூசி, காலடியில் கம்பளித் துணியைப் போட்டுத் தேய் தேய் என்று தேய்ப்பாள். ஜன்னலும் வானமும் அதில் தெரியும். வருகிறவர்கள் செருப்பை வாசலிலேயே கழற்றிவிடுவார்கள். கவலை வந்தால் சனிக்கிழமை வரை அவளுக்குப் பொறுக்காது. குஞ்சு விழுந்ததிலிருந்து தினமும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம் அடுப்பில் தோர்த்தியா ரொட்டி கருகும் வாடை வந்தது. கையிலிருந்த குஞ்சைப் பின்வாசலில் கிடந்த காப்பிச் சாக்கின் மேல் வைத்துவிட்டு ஓடினாள். திரும்பி வந்து பார்த்தால் குஞ்சு நின்றுகொண்டிருந்தது. ஆடியது, ஆனாலும் நின்றது. நகத்தால் சணலைப் பற்றிக்கொண்டு ஓரடிகூட எடுத்து வைத்தது. அவள் அதைத் தூக்கி வந்து தரையில் விட்டாள். விழுந்தது. மறுபடி சாக்கில் விட்டாள். நின்றது.

எர்மிந்தா தரையைப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். அதுவரை எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தவர், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“ஏங்க, உங்களுக்கும் இதானா?”

“வழுக்குதுடி. கோலை ஊனினா அதுவும் வழுக்குது. இன்னொருக்கா விழுந்தா அவ்வளவுதான்.”

“இதைச் சொல்றதுக்கு மூணு மாசமா உங்களுக்கு?”

“ஊரே வந்து பாத்துட்டுப் போற தரை. நீ அதைத் தேய்ச்சுட்டு நிமிர்றப்போ உன் மூஞ்சியைப் பாத்திருக்கேன். எப்படிடி சொல்றது?”

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. புருஷன் சோம்பேறி ஆகிவிட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தவள் அவள்தான். விடுவிடுவென்று போய் மண்ணெண்ணெயும் மணலும் இரும்பு பிரஷ்ஷும் எடுத்து வந்தாள். மண்டியிட்டுச் சுரண்டினாள். இத்தனை வருஷத்து மெழுகு லேசில் வரவில்லை. ஜன்னல் அழிந்தது, வானம் அழிந்தது. கழுவித் துடைத்துக் காயவிட்டபோது, நாற்காலியிலிருந்து பின்வாசல் வரை தரை சொரசொரவென்று வெளிறிக் கிடந்தது.

பெலார்மினோ ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தார். கோலை ஊன்றினார். எழுந்தார்.

“உன் தரை போச்சேடி.”

“பேசாம நடங்க.”

அவர் குஞ்சு நின்றுகொண்டிருந்த சாக்கைக் குறிவைத்து மெல்ல மெல்ல நடந்தார். எர்மிந்தா அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்திருக்கத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.