டைனோவுக்குக் கதகதப்பு

என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். முப்பது வருஷமாக ஆவூரில் கறிக்கோழி வளர்க்கிறேன். புதுக் குஞ்சு வந்து இறங்கினால் ஷெட்டில் எத்தனை பல்பு, எந்த உயரம் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவேன். குஞ்சுகள் பல்புக்கடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தால் குளிருகிறது. ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். அவ்வளவுதான் வித்தை. அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

என் ஒரே மகள் பிளெஸ்ஸி, நிலவழகனைக் கட்டிக்கொண்டு போனதிலிருந்து மூன்று வருஷம் பேச்சு இல்லை. பேசாதவன் நான்தான், அவளைக் குறை சொல்ல மாட்டேன். போன வாரம் நிறைமாத வயிற்றோடு காரில் வந்து இறங்கினாள். கூடவே ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே, கழுத்தெல்லாம் முள்ளாக ஒரு வெளிநாட்டு ஓணான்.

"பேரு டைனோப்பா. திருச்சியில பிரசவத்துக்குச் சேரப்போறேன். பத்து நாள் வச்சுக்கிருவீங்களா? ஒங்களத்தான் நம்புறேன்."

யானையைக் கொடுத்திருந்தாலும் வாங்கிக் கட்டியிருப்பேன். பக்கத்து வீட்டு இருளாயிதான் சிரித்தாள். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்களேண்ணே!"

பெட்டி மூடியில் ஒரு தகரக் கூட்டுக்குள் அதற்கென்றே ஒரு சூட்டுப் பல்பு இருந்தது. வியாழக்கிழமை அடைமழையில் கரண்ட் வந்து வந்து போனதில் அது டப்பென்று போய்விட்டது. டைனோ கறுத்துப்போய்ச் சுருண்டான். கீரனூர், விராலிமலை, ஒரு கடையிலும் அந்த மாதிரிப் பல்பு இல்லை. பிளெஸ்ஸிக்குப் போன் போடலாம் என்றால் விடிகாலையிலேயே அவளுக்கு வலி கண்டுவிட்டதாகச் சேதி வந்திருந்தது.

கோழி ஷெட்டில் குண்டு பல்பு கிடந்தது. அந்தச் சின்னக் கூட்டுக்குள் நுழையாது. மூடிமேல் வைக்கலாம் என்றால் மூடி பிளாஸ்டிக், உருகி மேலே விழுந்தால்? கரி அடுப்பு வைத்தால் புகை. கடைசியில் என் இடுப்பு வலிக்கு வைக்கிற ஹீட்டிங் பேட் கண்ணில் பட்டது. துணி உறை போட்டது, தீப்பிடிக்காது, ஷாக் அடிக்காது. இதைவிடப் பத்திரம் என்ன இருக்கிறது என்று பெட்டிக்குள் விரித்தேன். டைனோ ஏறிப் படுத்தான். சூடு கூடினால் நகர்ந்துகொள்வான், கோழிக்குஞ்சுக்கு உள்ள அறிவு இவனுக்கு இல்லாமலா போகும் என்று தீனி போடப் போய்விட்டேன்.

மத்தியானம் வந்தால் அதே இடத்தில் கிடந்தான். தூக்கினேன். ஐயோ மாதாவே! வயிற்றுத் தோல் துணியோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வந்தது.

அட்டைப்பெட்டியில் வைத்து, பைக்கில் மழையோடு திருச்சிக்குப் பறந்தேன். "செத்துராதடா, செத்துராதடா" என்று வழிநெடுகக் கத்தினேன். இந்த மாதிரிப் பிராணி பார்க்கிற டாக்டர் ஹேமா என்று ஒரு சின்னப்பெண், வாங்கி மருந்து போட்டாள். கோழிப் பல்பு, ஹீட்டிங் பேட் என்று நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"ஏம்மா அது நகரல? சுட்டா ஓட வேண்டியதுதானே?"

"இதுகளுக்கு வெயில் மேலருந்துதானேங்க வரும்? அடிவயித்துல சுடுறது சரியாத் தெரியாது. சூட்டைக் கட்டுப்படுத்துற கருவி இல்லாம கீழ எதுவும் வைக்கக் கூடாது. மூடியைக் கழட்டிட்டுக் கம்பிவலை போட்டு, ஒங்க கோழிப் பல்பையே மேல தள்ளித் தொங்கவிட்டிருந்தாப் போதுங்க."

என் கோழிப் பல்பு! அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பிழைக்குமா என்று கேட்டதற்கு, ரெண்டு நாள் போகட்டும் என்றாள்.

அப்போதுதான் போன் அடித்தது. நிலவழகன். "மாமா, பொண்ணு பொறந்திருக்கு. பிளெஸ்ஸி பேசணுங்குறா." வாயைத் திறப்பதற்குள் அவள் வந்துவிட்டாள்.

"அப்பா, டைனோ சாப்புட்டானா?"

சாப்பிட்டான் என்று சொன்னால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்த பொய்யைச் சொல்ல முடியவில்லை. "சுட்டுட்டேன்மா. நகருவான்னு நெனச்சுட்டேன்மா. வயிறெல்லாம் வெந்துபோச்சு" என்று கூட்டத்துக்கு நடுவே விக்கி விக்கி அழுதேன்.

போனில் அவளுக்குப் பின்னால் பிள்ளை அழுகிற சத்தம் கேட்டது.

"ஒங்க கையிலதான் மொதல்ல பிள்ளையைக் குடுக்கணும்னு இவுகள்ட்ட சண்டை போட்டேன்பா."

"இந்தா வாரேன்மா. பக்கத்துலதான் இருக்கேன், கால் மணி நேரத்துல வந்துருவேன்."

"வேணாம்ப்பா" என்றாள். "பயமா இருக்கு."