முதல் இழுப்பு

பொழுது விடியும் முன்பே சிலுவைமுத்து சுருட்டுக் கம்பெனிக் கிடங்கில் இடுப்பொடிய வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கால் மூடிய புகையிலைக் குவியலைப் பிரித்து, அடியில் கிடப்பதை மேலே கொண்டுவந்து, கருப்பட்டித் தண்ணீர் தெளித்து மறுபடி மூட வேண்டும். உள்ளே கையை விட்டால் சுடுசோற்றில் விட்டது போலிருக்கும். காரம் கண்ணைக் கரிக்கும், மூக்கிலிருந்து நீர் ஒழுகும்.

அவர்தான் அங்கே கலவைக்காரர். காரத்துக்கு வேடசந்தூர்க் காட்டு இலை, மணத்துக்குக் கிடங்கில் கிடந்து பழுத்த பழைய இலை, அணையாமல் எரிய மெல்லிசான ஆற்றோர இலை. எதை எவ்வளவு சேர்ப்பது என்பதை அவருடைய நாக்குதான் முடிவு செய்யும். மழை கூடிய வருஷத்தில் இலையில் காரம் குறையும். அதற்கேற்பக் கலவையை மாற்ற வேண்டும். திண்டுக்கல் கடைத்தெருவில் அந்தச் சுருட்டைக் கேட்டு வாங்குகிறவர்கள் கம்பெனிப் பெயரைத்தான் சொல்வார்கள். சிலுவைமுத்தின் நாக்கைப் பற்றி அவர்களுக்கென்ன கவலை?

அந்த நாக்கு செத்துப் பல மாதமாயிற்று. தொண்ணூற்றெட்டாம் வருஷக் கோடையில் வந்த ஒரு காய்ச்சலோடு அவருக்கு ருசியும் போயிற்று, வாசனையும் போயிற்று. மீன்குழம்பும் கஞ்சித்தண்ணீரும் ஒன்றாகிவிட்டன. வெளியே மூச்சு விடவில்லை. சொன்னால் வேலை போகும். வேலை போனால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போகும். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மனைவி கிளாராவைத் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் போய் நிற்பது? சாம்பல் வெள்ளையாக நிற்கிறதா, நெருப்பு சீராக இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்தே காலத்தை ஓட்டினார். மனுஷன் கெட்டிக்காரர்தான், யாரிடமும் பிடிபடவில்லை.

பெரிய முதலாளி காலத்தில் என்றால் பிடிபடாமல் இருந்திருக்க முடியாது. அப்போது ஒரு வழக்கம் இருந்தது. புதுக் கலவையின் முதல் சுருட்டைக் கலவைக்காரர் பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்து, எல்லோரும் உட்கார்ந்து சுருட்டுச் சுற்றும் கூடத்தில் கொடுப்பார். அது வரிசையாகக் கைமாறும். சிலர் இழுப்பார்கள், சிலர் மோந்து பார்ப்பார்கள். யாராவது ஒருத்தர் தரையில் வைத்துவிட்டாலும் கலவை கிடங்குக்குத் திரும்பிவிடும். மகன் ஜெரோம் பட்டத்துக்கு வந்ததும், "கல்யாண வீட்டுச் சந்தனமா இது, வரிசையா நீட்டிக்கிட்டிருக்க?" என்று அதை நிறுத்தினார். கூலியைக் குறைத்ததும் அதே கையோடுதான்.

புதிதாக வந்த புகையிலைச் சிப்பத்தைப் பிரித்த அன்று சுருட்டுச் சுற்றும் கருப்பம்மாள் கேட்டாள்: "ஏண்ணே, மருந்து வாடை அடிக்குதே?"

"புது எலை அப்படித்தான் இருக்கும் தாயி," என்றார் சிலுவைமுத்து.

வாடையே தெரியாதவர் சொன்ன வார்த்தையை நம்பிக் கூடமே சுற்றியது. சுருட்டின் நுனியை நாக்கில் நனைத்து ஒட்டுவது அவர்கள் பழக்கம். நேற்று மத்தியானம் கருப்பம்மாளின் மருமகள் மணிமேகலை, வாயில் எச்சில் வழிய, உடம்பெல்லாம் வேர்த்து, இலைத்தட்டின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

இப்போது கருப்பம்மாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கிடங்குக்கு வந்தாள். தலை கலைந்திருந்தது.

"பூச்சிமருந்துங்குறாரு டாக்டரு. இன்னும் கண்ணு முழிக்கல. பச்சப்புள்ள பாலுக்கு அழுகுது. நீதானண்ணே ஒண்ணுமில்லைன்ன!"

சிலுவைமுத்து ஒரு இலையை விரித்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தார். நடுநரம்பின் இடுக்கில் வெள்ளையாகப் பொடி. வாயைத் திறக்கும் முன் வெளியே ஜெரோமின் ஸ்கூட்டர் வந்து நின்றது. கருப்பம்மாளைக் கூடத்துக்குப் போகச் சொல்லிவிட்டு ஜெரோம் குரலைத் தாழ்த்தினார்.

"வண்டு விழாம இருக்கக் கொஞ்சம் பொடி தூவியிருக்காங்க. அந்தப் பொண்ணு வெறும் வயித்தோட வந்திருக்கு, அம்புட்டுத்தான். நீங்க கூடத்துல எல்லாரும் பாக்க ஒரு இழுப்பு இழுத்துட்டு, நல்லாருக்குன்னு சொல்லுங்கண்ணே."

"சொல்லலைன்னா, மொதலாளி?"

"வீட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போங்க."

சிலுவைமுத்து ஒரு சுருட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தார். பின்னாலேயே வந்த ஜெரோம் தன் மேஜையில் போய் உட்கார்ந்தார். அத்தனை கண்களும் அவர் வாயையே பார்த்தன. தீப்பெட்டியை எடுத்தவர் குச்சியை உரசவில்லை.

"எனக்கு ருசி தெரியாது," என்றார். "கோடையிலருந்தே தெரியாது. வாடையும் தெரியாது. வீடு போயிரும்னு மறைச்சிட்டேன். எலையில மருந்து இருக்கு. மணிமேகலை கெடக்குறதுக்கு நானும் காரணம்."

கருப்பம்மாள் எழுந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் குனிந்து நின்றார்.

"செருப்பால அடிக்கணும்போல இருக்கு," என்றாள். "அதை அப்புறம் பாத்துக்கிறேன். அந்தச் சுருட்டக் குடு."

வாங்கி மோந்தாள். தரையில் வைக்கவில்லை, பக்கத்து ஆளிடம் கொடுத்தாள். அவரும் மோந்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார். பற்றவைக்காத சுருட்டு கூடம் முழுக்கக் கைமாறி, கடைசியில் முதலாளி மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றும் ரஹ்மத்துல்லாவிடம் வந்தது. அவர் எழுந்து, சுருட்டை மேஜைமேல் வைத்தார். சிலுவைமுத்திடம் தீப்பெட்டியை வாங்கி அதன் பக்கத்தில் வைத்தார்.

"மொத இழுப்பு நீங்க இழுங்க மொதலாளி. நீங்க இழுத்தா நாங்க சுத்துறோம்."

ஜெரோமின் கை மேஜைக்கடியில் போய்விட்டது.

"கம்பெனியப் பூட்டிருவேன்!"

"பூட்டுங்க," என்றாள் கருப்பம்மாள். "இந்த எலைய நெருப்புல போடணும். எம் மருமகளுக்கு வைத்தியம் பாக்கணும். மொத சுருட்டு பழையபடி கூடத்துக்கு வரணும். அதுவரைக்கும் வாசல்ல இருப்போம்."

எல்லோரும் எழுந்தார்கள். சிலுவைமுத்து மடியிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து மேஜையில் வைக்கப் போனார். கருப்பம்மாள் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"சாவிய மடியில வைய்யி. கிளாரா அக்காவத் தூக்கி வெளிய போட வரட்டும், அந்த வாசல்லயும் நாங்க இருப்போம். உன்னைய நான் மன்னிச்சிட்டேன்னு நினைச்சிறாத."

"இல்ல தாயி," என்றார். அழுகையை அடக்க அவரால் முடியவில்லை.

கேட்டுக்கு வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரும் உட்கார இடம் போதவில்லை. ரஹ்மத்துல்லா நகர்ந்து சிலுவைமுத்துக்கு இடம் விட்டார். உள்ளே பூட்டுப் போடும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் தகவல் வரவில்லை. யாரும் எழுந்து போகவில்லை.